வின்சென்ட் தே பவுல் சபை: வரிசையில் நிறுத்தி அரிசி கொடுப்பதை எப்படி மாற்றுவது?

கடலோரப் பங்கு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில் உள்ள ஒரு கத்தோலிக்கப் பங்கில் (பங்குத்தந்தை ஒருவரின் பொறுப்பில் உள்ள இறைமக்கள் சமூகம்), ஏழைகளுக்கு உதவும் பொதுநிலையினர் அமைப்பான வின்சென்ட் தே பவுல் சபையின் செயலராக மூன்று மாதங்களாக இருக்கிறேன். எனக்கு முன் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பொறுப்பை வகித்த பெரியவருக்கு முழங்கால் முடியாமல் போனதால், பங்குத்தந்தை கேட்டுக்கொண்டதன் பேரில் ஏற்றுக்கொண்டேன். முன்அனுபவம் எனக்கு இல்லை.

எங்கள் சபையில் ஒன்பது உறுப்பினர்கள். அவர்களில் ஏழு பேர் அறுபதைக் கடந்தவர்கள். உதவி பெறுவோர் பட்டியலில் இருபத்தாறு குடும்பங்கள் உள்ளன. மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் கோயில் முன்மண்டபத்தில் அவர்கள் வரிசையில் நிற்பார்கள்; பெயரை வாசித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஐந்து கிலோ அரிசியும் பருப்பும் எண்ணெயும் கொடுப்போம். கிறிஸ்துமஸ் காலத்தில் மட்டும் மேடை போட்டு, சேலையும் வேட்டியும் வழங்கி, படம் எடுத்துப் பங்கின் வாட்ஸ்அப் குழுவில் பகிர்வது வழக்கம்.

கடந்த கிறிஸ்துமஸில் சேலை வாங்கிய ஒரு மூதாட்டி ஜனவரி மாத அரிசிக்கு வரவில்லை, பிப்ரவரியிலும் வரவில்லை. வீட்டைத் தேடிப்போய்க் கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பேத்திக்குச் சம்பந்தம் பேசிக்கிட்டு இருந்தோம் தம்பி. அந்த வீட்டுக்காரங்க போட்டோவப் பாத்துட்டாங்க. இனிமே எனக்கு அரிசி வேண்டாம்" என்றார். அந்தப் படத்தை எடுத்தவன் நான்தான். அப்போது நான் செயலராகவும் இல்லை. நல்ல காரியம் என்று நினைத்தே எடுத்தேன்.

அன்றிலிருந்து எனக்குள் சில கேள்விகள் இருக்கின்றன. மூத்த உறுப்பினர்களின் மனம் புண்படாமல் இந்த வழங்கும் முறையை மாற்ற முடியுமா? பங்கு எல்லைக்குள் இருக்கும் இந்துக் குடும்பங்கள் சிலவும் உப்பள வேலை இல்லாத மழை மாதங்களில் மிகவும் சிரமப்படுகின்றன. "பங்கு மக்கள் போட்ட காணிக்கை பங்கு மக்களுக்கே" என்று பங்குப் பேரவையில் ஒருசாரார் சொல்கிறார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது? மேலும், பட்டியலில் உள்ளவர்களில் தனியாக வாழும் முதியோரே அதிகம். அவர்களுக்கு அரிசியைத் தவிர நாங்கள் செய்யக்கூடியது என்ன? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுமாறு வேண்டுகிறேன்.

பாளையங்கோட்டைப் பெரியவர்

தம்பி, நாற்பது ஆண்டுகளுக்கு முன் இந்தச் சபையில் சேர்ந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

நீங்கள் கேட்பதற்குப் பதில் சபை தொடங்கிய விதத்திலேயே இருக்கிறது. 1830களின் தொடக்கத்தில் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்த பிரெடெரிக் ஓசானாமும் அவருடைய நண்பர்களும் கூட்டங்கள் நடத்தி, திருச்சபை உலகுக்குச் செய்த நன்மைகளை எடுத்துச்சொல்லி வாதாடி வந்தார்கள். 1832இல் அந்த நகரத்தைக் காலரா சூறையாடியிருந்த காலம் அது. எதிர்த்தரப்பு மாணவர்கள், பழங்காலத்தில் திருச்சபை செய்தது இருக்கட்டும், இன்று இந்த ஏழைகளுக்காக நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டபோது அவர்களிடம் பதில் இல்லை. 1833 ஏப்ரல் 23 அன்று, ஓசானாமுக்கு இருபது வயது நிறைந்த நாளில், மாணவர்கள் சிலரும் அவர்களைவிட ஏறத்தாழ இருபது வயது மூத்த பத்திரிகையாளர் எம்மானுவேல் பாய்யியும் கூடி இந்தச் சபையைத் தொடங்கினார்கள்.

ஏழைகளுக்கு எப்படி உதவுவது என்று அந்த மாணவர்களுக்கும் தெரியவில்லை. பாரிஸின் மூஃப்தார் பகுதியில் ஏழைகளிடையே பணியாற்றிய அருட்சகோதரி ரோசலி ரெண்டுவிடம் போய் நின்றார்கள். எந்தெந்த வீடுகளுக்குப் போக வேண்டும் என்பதையும், ரொட்டிக்கான சீட்டுகளையும் கொடுத்து அனுப்பியவர் அவர்தான். சீட்டைக் கொண்டுபோய் அந்தந்த வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு வருவதே அவர்களுக்கு வேலையாக இருந்தது. ஏழைகள் மாணவர்களைத் தேடி வரவில்லை. மாணவர்களே ஏழைகளைத் தேடி, ஈரமும் இருட்டுமான மாடிப்படிகளில் ஏறிப் போனார்கள். ஆகவே இல்லச் சந்திப்பு என்பது நம் சபையின் பணிகளில் ஒன்றல்ல, சபை பிறந்ததே அதற்காகத்தான். முன்மண்டபத்து வரிசை பின்னால் நம் வசதிக்காக வந்தது.

இருவர் இருவராகப் போவதற்கும் காரணங்கள் உண்டு. தனியே ஒருவர் போனால் ஊர் ஒன்று சொல்லும். வீட்டில் தனித்திருக்கும் பெண்ணுக்கும் அது தர்மசங்கடம். ஒருவர் பேசும்போது மற்றவர் வீட்டைக் கவனிக்கலாம்: அடுப்பு எரிகிறதா, மருந்து அட்டை காலியாகக் கிடக்கிறதா, கூரை எங்கே ஒழுகுகிறது என்பதெல்லாம் கண்ணில் படும். குழந்தைகள் இருக்கும் வீடுகளில் அவர்களுடைய பாதுகாப்புக்காகவும் இந்த வழக்கத்தை எக்காரணம் கொண்டும் தளர்த்தக் கூடாது.

அடுத்து, இரகசியப் பை. வாரக் கூட்டத்தில் உறுப்பினர்களிடையே சுற்றிவரும் அந்தப் பையில் யார் எவ்வளவு போட்டார் என்பது யாருக்கும் தெரியக் கூடாது என்பது நம் வழக்கம். கொடுப்பவருக்கு இவ்வளவு மறைவு வைத்த சபை, வாங்குபவரை மேடையில் நிறுத்திப் பெயர் வாசிப்பது எந்த வகையில் சரியாகும் என்று உங்கள் மூத்த உறுப்பினர்களிடம் பணிவாகக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் புரிந்துகொள்வார்கள் என்றே நம்புகிறேன். எங்கள் கிளையில் வீடுகளுக்கு எண் கொடுத்திருக்கிறோம். கூட்டக் குறிப்பேட்டில் எண் மட்டுமே இருக்கும். பெயர்ப் பட்டியல் தலைவரிடமும் செயலரிடமும் மட்டும் இருக்கும்.

பிற சமயத்தார் குறித்து நம் சபையின் விதியில் ஐயத்துக்கு இடமே இல்லை. சமயம், இனம், சமூகப் பின்னணி எதையும் பாராமல் தேவையில் இருப்பவருக்கு உதவ வேண்டும் என்றே அது சொல்கிறது. 2005இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அன்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலும், அன்புப்பணி வேறொரு நோக்கத்தை அடைவதற்கான வழியாக இருக்கக் கூடாது என்று வலியுறுத்துகிறது. அரிசியை முன்வைத்து யாரையும் கோயிலுக்கு அழைக்கவும் கூடாது, கோயிலுக்கு வராதவர் என்பதற்காக அரிசியை நிறுத்தவும் கூடாது. பேரவையில் இதையே சொல்லுங்கள். இந்த இரண்டாவது தவறு கத்தோலிக்கர் விஷயத்திலும் நடக்கிறது: ஞாயிறு திருப்பலிக்கு ஒழுங்காக வராதவர், பங்கு வரி கட்டாதவர், குடிகாரர் வீடு என்று பெயர்களை அடித்துவிடும் பங்குகளை நான் பார்த்திருக்கிறேன். குடிகாரர் வீட்டில்தான் பிள்ளைகள் பசியோடு இருக்கிறார்கள்.

உப்பளத்து மகள்

நான் கத்தோலிக்கர் அல்லள். இந்தக் களத்தில் வாசிப்பதோடு சரி. ஆனால் இந்தக் கேள்வியைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் தந்தை உப்பளத்தில் மூட்டை சுமந்தவர். நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது அவருக்குக் காசநோய் வந்தது. மழைக்காலத்தில் எப்படியும் உப்பள வேலை இருக்காது; அந்த ஆண்டு மழை நின்ற பிறகும் எங்களுக்கு வேலை இல்லை. எங்கள் தெருவுக்கு அருகில் இருந்த கோயிலைச் சேர்ந்த இருவர், ஒருவர் ஓய்வுபெற்ற தபால்காரர், மற்றவர் வலை பின்னும் தொழில் செய்தவர், வெள்ளிக்கிழமை தோறும் இருட்டிய பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஏன் இருட்டிய பிறகு வந்தார்கள் என்பது எனக்கு வளர்ந்த பிறகுதான் விளங்கியது. சாமான்களை ஜவுளிக்கடைப் பையில் கொண்டுவருவார்கள். பார்ப்பவர்களுக்கு யாரோ உறவினர் வந்து போவதாகவே தோன்றும்.

அரிசி எத்தனை கிலோ கொடுத்தார்கள் என்பது எனக்கு நினைவில்லை. அவர்கள் எங்கள் வீட்டில் உட்கார்ந்ததும், அம்மா கொடுத்த கருப்பட்டிக் காப்பியை வாங்கிக் குடித்ததும் நினைவிருக்கின்றன. எங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடிக்காதவர்கள் நிறைந்த ஊர் அது. இருமிக்கொண்டிருக்கும் என் தந்தையின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், ஆறு மாத மாத்திரையை இடையில் விட்டுவிடக் கூடாது என்று அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஒரு வாரம் அப்பா மாத்திரையை நிறுத்தியதைக் கண்டுபிடித்து, மறுநாள் காலையிலேயே அரசு மருத்துவமனைக்கு உடன் சென்றவர் அந்தத் தபால்காரர்தான். அவர் அரிசியைக் கோயில் வாசலில் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் மாத்திரை நின்றுபோனது யாருக்கும் தெரிந்திருக்காது.

எங்களை ஒருமுறைகூடக் கோயிலுக்கு வரச்சொன்னதில்லை. அப்பா உடல் தேறி வேலைக்குப் போன பிறகும் சில மாதங்கள் வந்தார்கள். அப்போது கையில் எதுவும் கொண்டுவரவில்லை, பேசிவிட்டு மட்டும் போனார்கள். அந்த மாதங்களில் அம்மா முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்தப் பாட்டியின் வீட்டுக்குத் திரும்பவும் போங்கள் ஐயா. அரிசி வேண்டாம் என்றுதான் சொன்னாரே தவிர, உங்களை வரவேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

துறைமுக இளைஞர்

மூத்தவர்கள் மன்னிக்க வேண்டும், எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. வாங்குபவரின் மதிப்பைக் காப்பதே நோக்கம் என்றால், மாதம் ஒரு தொகையை நேரடியாக அவரவர் வங்கிக் கணக்கில் செலுத்திவிடுவதே மேலானது அல்லவா? வரிசை இல்லை, படம் இல்லை, அக்கம்பக்கத்தாருக்கும் தெரியாது. அரிசிதான் வேண்டும், எண்ணெய்தான் வேண்டும் என்று நாம் முடிவு செய்யாமல், தேவையை அவர்களே முடிவு செய்துகொள்ளலாம். எங்களைப் போன்ற பணிமுறை மாற்றத்தில் வேலை செய்யும் இளைஞர்களால் வாராவாரம் கூட்டத்துக்கும் சந்திப்புக்கும் வர இயலாது. பணம் தர முடியும், தரவும் விரும்புகிறோம்.

பாளையங்கோட்டைப் பெரியவர்

தம்பி சொல்வதில் பாதியை முழுமனத்தோடு ஏற்கிறேன். பொருளாகக் கொடுப்பதைவிடப் பணமாகக் கொடுப்பது பல வீடுகளில் நல்லது. ரேஷன் அரிசி கிடைக்கும் வீட்டுக்கு நாமும் அரிசியே கொடுப்பதில் பொருளில்லை, அங்கே மருந்துக்கும் மின்கட்டணத்துக்கும்தான் தட்டுப்பாடு. ஆனால் கணக்கில் பணம் போட்டதோடு நம் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டால், மேலே அந்தச் சகோதரி எழுதியதுபோல நின்றுபோன மாத்திரையை யார் பார்ப்பது? தனியாக வாழும் முதியவருடைய கணக்குப் புத்தகமும் வங்கி அட்டையும் மருமகனிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ இருப்பதையும் நான் கண்டிருக்கிறேன்.

நேரமின்மை உண்மையான சிக்கல்தான். வாரம் ஒரு முறை முடியாதவர் மாதம் ஒரு முறை, ஒரே ஒரு வீட்டுக்கு, ஒரு மூத்த உறுப்பினரை இருசக்கர வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போகலாமே. பெரியவர்களுக்கு நடக்க முடியவில்லை, இளையவர்களுக்கு வீடு தெரியவில்லை. இந்த இரண்டு குறைகளும் ஒரே வண்டியில் தீர்ந்துவிடும்.

களப்பணி சகோதரி

துறவற சபையைச் சேர்ந்தவள். மறைமாவட்டச் சமூகப்பணி அமைப்பு ஒன்றில் பல ஆண்டுகளாகக் களப்பணி செய்கிறேன். செயலர் அவர்களின் மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

தனித்து வாழும் முதியோர் வீட்டுக்குப் போகும்போது முதலில் கேட்க வேண்டியது அவர்களுக்கு அரசின் முதியோர் உதவித்தொகை வருகிறதா என்பதே. தமிழ்நாட்டில் அது 2023 ஆகஸ்டு முதல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உங்கள் சபை மாதந்தோறும் கொடுக்கும் பொருள்களின் மதிப்பைவிட இது அதிகமாக இருக்கக்கூடும். தகுதியிருந்தும் விண்ணப்பிக்காதவர்கள், விண்ணப்பித்துத் தள்ளுபடியானவர்கள், ஆதாரில் வயது தவறாகப் பதிவானதால் சேர முடியாதவர்கள், கைரேகை தேய்ந்துபோனதால் பணம் எடுக்க முடியாதவர்கள் என ஒவ்வொரு பங்கிலும் இருக்கிறார்கள். வலை இழுத்தும் உப்பு வாரியும் தேய்ந்த கைகள் அவை. இ-சேவை மையத்துக்கு உடன் போவது, சமூகப் பாதுகாப்புத் திட்ட வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுவின் நிலையை விசாரிப்பது, அதிலும் வழி கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு அழைத்துச் செல்வது: இவை மூன்றும் படித்த இளைஞர் ஒருவர் அரை நாள் விடுப்பில் செய்யக்கூடிய அன்புப்பணிகள். துறைமுகத் தம்பி இதைக் கவனிக்க வேண்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் உரிய மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் பட்டியலில் உள்ள முதியோர் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறார்களா என்று கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள். பிள்ளைகள் வசதியாக இருந்தும் கைவிட்டிருந்தால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். வழக்கறிஞர் வைக்க வேண்டிய தேவை இல்லை. ஆனால் பெற்ற தாய் பிள்ளைமேல் மனுக் கொடுக்க எளிதில் இசைய மாட்டார், அவரை வற்புறுத்தவும் கூடாது. பல வீடுகளில், இப்படி ஒரு சட்டம் இருக்கிறது என்று மகனிடம் பங்குத்தந்தை ஒருமுறை பேசினாலே மாதச் செலவுக்குப் பணம் வரத் தொடங்கியதைப் பார்த்திருக்கிறேன். உடனடி உதவிக்கு 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது.

மனத்தில் நெடுநாளாக உறுத்தும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பட்டியல் தயாரிக்கும்போது கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களின் பெயர்கள் எளிதில் வந்துவிடுகின்றன. ஊருக்கு வெளியே இருக்கும் தலித் கிறிஸ்தவக் குடியிருப்பின் பெயர்கள் விடுபட்டுப் போகின்றன. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால் அவர்களுக்குப் பட்டியல் சாதியினருக்கான உரிமைகள் கிடைப்பதில்லை. பங்கிலும் அவர்கள் கடைசி வரிசையில் நின்றால் அவர்கள் எங்கே போவார்கள்? அன்பியம் எனப்படும், அருகருகே வாழும் கிறிஸ்தவக் குடும்பங்களின் சிறு குழுக் கூட்டங்களில் கேட்டுப் பட்டியல் தயாரிப்பது நல்ல வழிதான், ஆனால் எல்லாக் குடியிருப்புகளிலும் அன்பியம் நடக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

தணிக்கையாளர்

கணக்கு குறித்து ஒரு சிறு எச்சரிக்கை. கடற்கரைப் பங்குகளில் கப்பலிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை செய்வோர் திருவிழாக் காலத்தில் பணம் அனுப்புவது இயல்பு. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படாது. அதே ஊர்க்காரர் வேறு நாட்டின் குடியுரிமை பெற்றுவிட்டால், அவர் அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வந்துவிடும். அதற்கான பதிவு உங்கள் கிளைக்கு இல்லாதபோது ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். செயலரின் சொந்தக் கணக்கு வழியாகவும் வேண்டாம். 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பதிவு பெற்ற அமைப்புகளும் அத்தகைய பணத்தைப் புதுதில்லியிலுள்ள ஸ்டேட் வங்கிக் கிளையில் தொடங்கிய கணக்கில்தான் பெற வேண்டும். பெற்றதை வேறு அமைப்புக்கு மாற்றித் தரவும் முடியாது. வெளிநாட்டுக் கிளைகளோடு இணைந்து நம் சபை பெறும் உதவிகள் மேல்மட்ட நிர்வாகத்தின் வழியாக முறைப்படி வருவதன் காரணம் இதுவே.

கடலோரப் பங்கு (கேட்டவர்)

எல்லோருக்கும் நன்றி. இந்தப் பதில்களை அச்சிட்டு எடுத்துக்கொண்டு, முன்னாள் செயலரான பெரியவரைப் பார்க்கப் போனேன். முறையை மாற்றப் போகிறோம் என்று சொன்னால் வருத்தப்படுவார் என்ற தயக்கத்தோடுதான் போனேன். அவர் முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பீரோவில் இருக்கும் ஒரு நீள நோட்டை எடுத்து வரும்படி சொன்னார். அதில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம் இருந்தது: யாருக்கு என்ன மருந்து, எந்த மகன் எந்த ஊரில் இருக்கிறான், கணவர் கடலில் இறந்த நாள் எது, யாருக்குக் காது கேட்காது, எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பதுவரை எழுதியிருந்தார். எட்டு ஆண்டுகளுக்கு முன் அந்த எழுத்து நின்றுவிட்டது. உடன் நடந்துவந்த நண்பர் இறந்த பிறகு துணைக்கு வர யாரும் இல்லை என்றும், தனியாகப் போவது முறையல்ல என்பதால்தான் எல்லோரையும் கோயிலுக்கு வரச்சொல்லத் தொடங்கியதாகவும் சொன்னார். அந்த வரிசையை ஏற்படுத்தியதற்காக அவர்மேல் எனக்குள் இருந்த கோபத்தை நினைத்து வெட்கப்பட்டேன்.

கடந்த வாரக் கூட்டத்தில் மூன்று முடிவுகள் எடுத்தோம். முன்மண்டபத்தில் வழங்குவது இந்த மாதத்தோடு முடிகிறது. இருபத்தாறு வீடுகளையும் இருவர் இருவராகப் பிரித்துக்கொண்டிருக்கிறோம். இளையோர் இயக்கத்திலிருந்து நால்வர் வண்டியோடு வருகிறார்கள். ஊருக்கு வெளியே உள்ள குடியிருப்புக்கு நானும் தலைவரும் போய்வந்தோம். அங்கே ஏழு வீடுகள் எங்கள் கணக்கிலேயே இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எங்கள் பங்குச் சமூகக்கூடத்தில் எல்லாச் சமயத்தாரும் ஒன்றாகத் தங்கிச் சாப்பிட்டதைப் பங்குத்தந்தை நினைவுபடுத்திய பிறகு, இந்துக் குடும்பங்களைச் சேர்ப்பதற்குப் பேரவையில் எதிர்ப்பு எழவில்லை. கிறிஸ்துமஸ் படங்களைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டோம். ஆனால் பலருடைய கைப்பேசிகளில் அவை இன்னும் இருக்கும்.

அந்தப் பாட்டியின் வீட்டுக்கு வியாழக்கிழமை மாலை போகிறோம், கையில் எதுவும் கொண்டுபோகவில்லை. பெரியவரின் நோட்டில் அவருக்கான பக்கத்தில், "முறுக்கு நன்றாகச் சுடுவார், போனால் சாப்பிடாமல் வரக் கூடாது" என்று எழுதியிருக்கிறது. முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் பெரியவரும் உடன் வருகிறேன் என்கிறார். ஆட்டோ சொல்லியிருக்கிறேன்.